அஸாவோன்னு வச்சுக்கலாம்

நொஷிரோ ஊரில் ஹதஸாவாவைத் தெரியாதவர்கள் குறைவு. நவம்பர் பிறந்து முதல் பனி விழுந்ததும் அவருடைய குட்டி டேங்கர் லாரி, ஒலிபெருக்கியில் பழைய பாட்டு ஒன்றைத் தேய்த்துக்கொண்டு தெருத்தெருவாக வரும். ஜனங்கள் வாசலில் சிவப்புக் கேன்களை வைத்துவிட்டுக் குளிருக்குப் பயந்து உள்ளே போய்விடுவார்கள். அவர் மண்ணெண்ணெயை நிரப்பி, மூடியைத் திருகி, வழிந்ததைத் துணியால் துடைத்துவிட்டுப் போவார். வயதானவர்கள் வீடாக இருந்தால் கேனைத் தூக்கிக்கொண்டுபோய்க் கணப்பு அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு வருவார். முப்பத்தொன்பது குளிர்காலமாக இதே வேலை. ஆள் நல்லவர், வாய்தான் குறைவு என்பார்கள். எல்லோரும் ஹதஸாவா, ஹதஸாவா என்று குடும்பப் பெயரையே சொல்லிக் கூப்பிட்டதால் அவருடைய சொந்தப் பெயர் என்ன என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவருக்குத்தான் சங்கடம். ஐம்பத்தெட்டு வயதாகியும் அது அவருக்கே நிச்சயமாகத் தெரியாது.

எழுதச் சொன்னால் எழுதுவார். இரண்டே எழுத்து. முதலாவதற்குக் காலைப்பொழுது என்று பொருள், இரண்டாவதற்குப் பிறப்பு. காலையில் பிறந்தவன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். பொருளில் ஒரு குழப்பமும் இல்லை, வாயால் சொல்வதில்தான் குழப்பம். எங்கள் ஜப்பானிய எழுத்துகளின் குணம் அது. ஒவ்வொன்றும் நாலைந்து சத்தத்தை மடியில் முடிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். அதிலும் ஆட்களின் பெயர் என்றால் கேட்கவே வேண்டாம். அந்த இரண்டு எழுத்தை அஸாவோ என்று படிக்கலாம். அஸாகி என்றும் படிக்கலாம். தொமொவோ, தொமொகி, இன்னும் விறைப்பாக வேண்டுமென்றால் சோஸேய். எதுவும் தப்பில்லை. பெற்றவர்கள் எப்படிக் கூப்பிட்டார்களோ அதுதான் சரி.

இதில் அரசாங்கம் செய்த வேலை ஒன்று உண்டு. குடும்பப் பதிவேட்டில் எழுத்தை மட்டும் எழுதிக்கொண்டது. எங்கே பிறந்தான், யார் பெற்றாள், யாரைக் கட்டினான், எப்போது செத்தான் எல்லாம் அதில் இருக்கும். இவனை எப்படிக் கூப்பிடுவது என்று மட்டும் இருக்காது. அதை ஏன் எழுத வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். வீட்டில் அம்மா என்று ஒருத்தி இருப்பாள், அவளுக்குத் தெரியும், போதாதா?

ஹதஸாவாவின் விஷயத்தில் அந்த அம்மா பத்து மாசம்தான் இருந்தாள்.

மர அறுவை ஆலையில் வேலை பார்த்த கிமியே என்ற இருபது வயதுப் பெண். கல்யாணம் ஆகவில்லை. அறுபத்தேழாம் வருஷம் மே மாசம் பெற்றாள், அடுத்த மார்ச்சில் குழந்தையை நகராட்சியில் ஒப்படைத்துவிட்டுத் தெற்கே ரயில் ஏறிவிட்டாள். அவனை அநாதைப் பிள்ளைகள் இல்லத்துக்குத் தூக்கி வந்த நகராட்சி ஆளின் கையில் பதிவேட்டின் நகல் ஒன்று இருந்தது. அன்றைக்கு இல்லத்துத் தலைவர் ஊரில் இல்லை. சமையல்காரி ஷிபுதாதான் ஈரக்கையை முன்துணியில் துடைத்துக்கொண்டு வந்து தாளை வாங்கிப் பார்த்தாள்.

"அஸாவோன்னு வச்சுக்கலாம்," என்றாள்.

வைத்துக்கொண்டார்கள். விஷயம் அவ்வளவுதான். அவனுக்கு ஒன்பது வயது ஆகும்வரை அதில் சந்தேகப்பட ஒன்றும் இருக்கவில்லை. அந்த வருஷம் இல்லத்துக்குப் பல் பார்க்க வந்த டாக்டர் பட்டியலைப் பார்த்து "தொமொவோ" என்று கூப்பிட்டார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மூன்று தடவை கூப்பிட்டார். யாருடா அந்தச் செவிடன் என்று மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து அவனும் சிரித்தான். கடைசியில் டாக்டர் பட்டியலைத் திருப்பிக் காட்டினார். அது அவனுடைய எழுத்து.

பல்லைப் பிடுங்கிக்கொண்டு நேராகச் சமையல்கட்டுக்குப் போனான்.

"அத்தை, என் பேரு அஸாவோவா, தொமொவோவா?"

"அஸாவோதான்."

"யார் சொன்னா?"

ஷிபுதா முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் வரும், பொய் மட்டும் வராது. "நான்தான் சொன்னேன். தாளைப் பாத்ததும் வாயில வந்தது."

"அம்மா வேற மாதிரி சொல்லியிருப்பாங்களா?"

"சொல்லியிருக்கலாம். எனக்கு எப்படிடா தெரியும்? உன்னைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட ஏதோ ஒண்ணு வேணுமில்ல? வாய்ல ரத்தம் வழியுது பாரு. போய்க் கொப்பளி."

அன்றிலிருந்து பிடித்தது சனி. வருஷா வருஷம் ஏப்ரலில் புது வகுப்பு, புது வாத்தியார். வருகைப் பட்டியலில் அவன் பெயருக்கு வந்ததும் வாத்தியார் ஒரு கணம் தயங்குவார். அந்த ஒரு கணத்துக்காக அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பான். இவர் வாயில் சரியான பெயர் வந்துவிடாதா, கேட்டவுடனே உள்ளே எதுவோ ஆமாம் என்று சொல்லிவிடாதா என்று. ஒருத்தர் அஸாகி என்றார். ஒரு வாரம் அஸாகியாக நடந்து பார்த்தான். ஆமாம் என்று எதுவும் சொல்லவில்லை. பதினாலு வயதில் அவனாகவே ஒரு முடிவுக்கு வந்தான். அம்மா கூப்பிட்டது தொமொகி. ஆதாரம் கிடையாது. அந்தச் சத்தம் பிடித்திருந்தது, அவ்வளவுதான். கடற்கரைப் பைன் தோப்பில் காற்று அடித்துக்கொண்டே இருக்கும், பேசினால் பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காது. பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய் நின்று, பெண்குரலை வரவழைத்துக்கொண்டு, "தொமொகி" என்று தன்னையே கூப்பிட்டுப் பார்ப்பான். பிறகு தானே திரும்பிப் பார்ப்பான்.

இதை அவர் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருக்கிறார். நோரியே. சூப்பர் மார்க்கெட்டில் மீன் பகுதியில் வேலை பார்த்தவள், கலகலப்பானவள். இருபத்தாறு வயதில் அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். முதலில் அவள் அதைக் கேட்டுக் கண்கலங்கினாள். அப்புறம் போகப் போக அவளுக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

"அஸாவோன்னு கூப்பிட்டா பாதிதான் திரும்பறீங்க," என்பாள். "மீதிப் பாதி எங்க நிக்குது? யாராவது வேற பேர்ல கூப்பிடுவாங்கன்னு வாசலைப் பாத்துக்கிட்டு நிக்குதா?"

குழந்தை வேண்டும் என்றாள். பார்க்கலாம் என்றார். மறுபடி கேட்டபோது, "பேர் வைக்கணுமே," என்றார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மறுநாளே லீவு போட்டு அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக நகராட்சி அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தொண்ணூற்றெட்டாம் வருஷம் அது. கவுன்டரில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பதிவேட்டில் உச்சரிப்பு இருக்காது, ஆனால் பிறப்புக்காகப் பெற்றவர்கள் எழுதிக் கொடுத்த படிவம் ஒன்று உண்டு, அதில் எப்படிப் படிப்பது என்று, சத்தத்தை மட்டும் குறிக்கும் எழுத்தில் நிரப்ப ஒரு கட்டம் இருக்கும், உங்கள் அம்மா அதை நிரப்பியிருப்பார்கள் என்றாள். நோரியே அவருடைய கையை அழுத்தினாள்.

"ஆனா அந்தப் படிவத்தை இருபத்தேழு வருஷம்தாங்க வச்சிருப்பாங்க. அப்புறம் அழிச்சிடுவாங்க." அந்தப் பெண் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். "உங்களுது போய் மூணு வருஷம் ஆகியிருக்கும்."

யாரை நோவது? அந்த மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் ஒவ்வொரு நாளும் அந்த அலுவலகத்து வாசல் வழியாக லாரி ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். உள்ளே போய் அவர்களுடைய கேன்களையே நிரப்பியிருக்கிறார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. எழுத்து மட்டும் இருக்கும் நாட்டில் சத்தத்தை ஒருவன் எந்தக் கவுன்டரில் போய்க் கேட்பான்?

அந்தப் பெண்ணுக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. பெற்ற பிள்ளை என்பதால் அம்மாவின் விலாசத்தைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லி, அன்றைக்கே அதை எடுத்துக் கொடுத்தாள். கிமியே கல்யாணமாகி இதாகாகி கிமியே ஆகியிருந்தாள். ஊர் ஸகாதா. பக்கத்து மாகாணம்தான்.

"ஞாயித்துக்கிழமை போலாம்," என்றாள் நோரியே.

"போய்?"

"போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்க. கேட்டுட்டு வந்துடலாம். டீகூடக் குடிக்க வேண்டாம்."

அவர் அந்தத் தாளை மேஜை இழுப்பறையில் வைத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போகவில்லை. இரண்டு வருஷம் கழித்து நோரியே பெட்டியைக் கட்டினாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. செருப்பு மாட்டும்போது, "வர்றேன், ஹதஸாவா," என்று குடும்பப் பெயரைச் சொன்னாள். அதற்கு அவர் முழுசாகத் திரும்பிப் பார்த்தார்.

ஏன் போகவில்லை என்று அவரைக் கேட்டால் வேலை என்பார், பனி என்பார். உண்மை அதுவல்ல. கேட்காதவரைக்கும் பதில் ஒன்று இருக்கிறது. ஸகாதாவில் ஒரு வீட்டில், ஒரு பெண்ணின் வாய்க்குள் அது பத்திரமாக இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் போய் வாங்கிக்கொள்ளலாம். அந்த நினைப்பில் அவர் இருபத்தெட்டு வருஷம் மண்ணெண்ணெய் ஊற்றினார். கோழைத்தனம் என்றால் கோழைத்தனம்தான். ஆனால் கையில் அது ஒன்றுதான் இருக்கிறது என்னும்போது யாருக்குத்தான் அதைச் செலவழிக்க மனசு வரும்?

போன வருஷம் கோடையில் எல்லோர் வீட்டுக்கும் தபால் அட்டை வந்தது. சட்டம் மாறிவிட்டதாம். இனிமேல் பதிவேட்டில் உச்சரிப்பையும் ஏற்றப் போகிறார்களாம். மறைப்புத் தாளை உரித்தால் உள்ளே, உங்கள் பெயரின் உச்சரிப்பு இன்னது என்று கருதுகிறோம், தவறு என்றால் 2026 மே 25-ஆம் தேதிக்குள் தெரிவிக்கவும், சரி என்றால் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று அச்சடித்திருந்தது. அவருடைய அட்டையில் அஸாவோ என்று இருந்தது. அவர்களுக்கு யார் சொன்னது? குடியிருப்புப் பட்டியலிலிருந்து எடுத்திருப்பார்கள். குடியிருப்புப் பட்டியலுக்கு யார் சொன்னது? இல்லம் சொன்னது. இல்லத்துக்கு? முன்துணியில் கை துடைத்துக்கொண்டே ஷிபுதா சொன்னது. அவள் வாயில் வந்தது சுற்றிச் சுற்றி வந்து அரசாங்கத்தின் கருத்தாக அவர் கைக்கே வந்து சேர்ந்திருந்தது.

மண்ணெண்ணெய் இல்லாத மாசங்களில் அவர் வேலை பார்க்கும் பெட்ரோல் பங்கில் முதலாளி தன் அட்டையை ஆட்டிக்கொண்டு வந்தார். "அறுபத்தாறு வயசுல எனக்கு என் பேரைச் சொல்லித் தர்றானுங்க. உனக்குச் சரியா வந்துச்சா?"

"பாக்கணும்," என்றார் ஹதஸாவா.

"உன் பேரு சரியான்னு நீ பாக்கணுமா? நல்ல ஆளுய்யா நீ," என்று முதலாளி சிரித்துக்கொண்டே போனார்.

இந்தப் பிப்ரவரியில் ஷிபுதா போய்ச் சேர்ந்தாள். தொண்ணூற்றொரு வயது, கடைசி மூன்று மாசம் மருத்துவமனை. அவர் வாரம் ஒரு தடவை போய் உட்கார்ந்துவிட்டு வருவார். அவள் கண்ணைத் திறந்தால் "அஸாவோ, சாப்டியா?" என்பாள். சாவு வீட்டுக்கு ஒரே ஒரு கறுப்பு சூட்டைப் போட்டுக்கொண்டு போனார். எரித்து முடித்து எலும்பு பொறுக்க நின்றபோதுதான் அவருக்கு அது உறைத்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட கடைசி ஆளும் போயாகிவிட்டது. ஊகமாக இருந்தாலும் கூப்பிட ஒரு வாய் இருந்தது, இனி அதுவும் இல்லை. அவர் சத்தம் போட்டு அழுதார். கூட நின்றவர்கள் பெற்ற மகன் என்றே நினைத்தார்கள்.

ஏப்ரல் மூன்றாம் வாரம் மண்ணெண்ணெய் ஓட்டம் நின்றது. அலுவலகத்தில் புதிதாக விலாசம் எடுத்தார். கிமியே உயிரோடுதான் இருக்கிறாள், எழுபத்தெட்டு வயது, ஊர் மாறவில்லை. வரைபடத்தில் தேடினால் அந்த விலாசத்தில் இதாகாகி சலவைக் கடை என்று இருந்தது. வெறுங்கையோடு போய் நிற்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அந்தக் கறுப்பு சூட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். நொஷிரோவிலிருந்து ஸகாதாவுக்கு ரயிலில், வண்டி மாறும் நேரத்தையும் சேர்த்து, நாலு மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த நாலு மணி நேரத்தைக் கடக்க அவருக்கு ஐம்பத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது.

ஏப்ரல் கடைசி சலவைக் கடைகளுக்குத் திருவிழாக் காலம். ஊரே குளிர்காலக் கோட்டுகளைக் கழற்றிக்கொண்டுவந்து கொட்டும். கவுன்டருக்குப் பின்னால் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. நடுவில் ஒரு கிழவி, குள்ளம், தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தாள். உள்ளே யாரோ நீராவி இஸ்திரி போடும் சத்தம் கேட்டது.

"வாங்க."

"இது ஒரு கறுப்பு சூட்டு."

"சாவு வீட்டுக்குப் போட்டதா?" கேட்டுக்கொண்டே சூட்டை விரித்து ஒவ்வொரு பாக்கெட்டாகக் கைவிட்டாள். உள்பாக்கெட்டிலிருந்து, சாவுக்குப் போய் வந்தவர்கள் தீட்டுப் போக வாசலில் தங்கள் மேலே தூவிக்கொள்ளும் உப்புப் பொட்டலம் வந்தது. பிரிக்காமல் அப்படியே இருந்தது. "என்னங்க இது, தூவிக்காமலேயே வீட்டுக்குள்ள போயிட்டீங்களா?"

"தனியா இருக்கறவன். யாருக்காகத் தூவறது?"

"தனியா இருந்தாலும் தூவணும்ங்க." மூக்கைச் சுளித்தாள். "மண்ணெண்ணெய் வாடை அடிக்குதே. துணியில பட்டிருந்தா நான் எடுக்க முடியாது. மெஷின்ல தீப்பிடிச்சுக்கும்."

"துணியில இல்ல. என் மேல இருக்கற வாடை. அதை விக்கறவன் நான்."

"அப்பச் சரி," என்று சிரித்தாள். முன்பல் ஒன்று தங்கம். சீட்டை நகர்த்தினாள். "பேர், போன் நம்பர்."

அவர் எழுதினார். குடும்பப் பெயர், கீழே அந்த இரண்டு எழுத்து. மேலே உச்சரிப்புக்கென்று இருந்த கட்டத்தை வேண்டுமென்றேதான் காலியாக விட்டார். கிழவி கண்ணாடியை இறக்கிக்கொண்டு, துணியில் கட்டும் அடையாளச் சீட்டையும் பேனாவையும் எடுத்தாள். எழுதப் போன கை நின்றது. இரண்டு மூச்சு நேரம் இருக்கும். பிறகு நாற்பது வருஷமாக அந்தக் கவுன்டரில் எல்லோரிடமும் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"மேல எழுதாம விட்டுட்டீங்களே. எங்களுக்கு அதுதாங்க வேணும். இதை எப்படிப் படிக்கணும்?"

ஒன்பது வயதிலிருந்து அவர் சுமந்துகொண்டிருந்த கேள்வி அது. அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் அதைக் கேட்டுவிட்டாள்.

"ஹதஸாவா," என்றார்.

"அது தெரியும்." அவள் குரல் இறங்கியிருந்தது. "அது எங்க வீட்டுப் பேரு."

"கீழ இருக்கறதை நீங்கதான் சொல்லணும்."

 கிழவி தலையைத் திருப்பி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "ரியோஹே...ய். ஹோட்டல் திரையெல்லாம் வண்டியில ஏத்திக் குடுத்துட்டு வந்துடு."

"சாயங்காலம் போறேன்மா."

"இப்பவே போ, ரியோஹேய்."

ஐம்பது வயது ஆள் ஒருவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, வாடிக்கையாளருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, திரைகளைத் தூக்கிக்கொண்டு போனார். அந்தப் பெயரின் கடைசியை அவள் கொஞ்சம் இழுத்துச் சொன்னாள். ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லிச் சொல்லி வழவழப்பான பெயர்.  இந்தச் சின்னப் பொறாமைக்குத் தனக்கு வயது அதிகம் என்று ஹதஸாவா நினைத்துக்கொண்டார்.

"அவனுக்குத் தெரியாது," என்றாள். "அவங்க அப்பாவுக்கும் தெரியாது. அவர் போய் ஆறு வருஷம் ஆச்சு. உங்களுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம். இதை எப்படிப் படிக்கணும்னு தெரிஞ்சா போதும்."

"எனக்குத் தெரியாதுங்க."

 அவள் சூட்டின் கையைப் பிடித்து மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"மருத்துவச்சி எழுதிக் குடுத்தது அது. ரெண்டு வாரத்துக்குள்ள ஆபீஸ்ல பேர் குடுக்கணும்னா. எனக்கு ஒண்ணும் தோணலை. காலையில பொறந்தான், இதையே எழுதுன்னு ஒரு தாள்ல போட்டுக் குடுத்தா. பாத்து எழுதினேன். எப்படிப் படிக்கணும்னு ஆபீஸ்காரன் கேட்டான். நீங்களே போட்டுக்கோங்கன்னேன். அவன் என்ன போட்டான்னு நான் பாக்கலை."

"பத்து மாசம் உங்ககிட்ட இருந்தேனே. என்னன்னு கூப்பிட்டீங்க?"

"கூப்பிடலை."

வெளியே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அது தெருமுனை திரும்பிய பிறகு சொன்னாள்.

"விடணும்னு மொதல்லயே ஆயிடுச்சு. பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டா அப்புறம் என்னால முடியாதுன்னு தெரியும். ஏய்ம்பேன், இந்தாம்பேன். நீ அழுவே, நான் தூக்குவேன். அதுக்குப் பேர் தேவைப்படலை."

அவர் எத்தனையோ விதமாக யோசித்து வைத்திருந்தார். கதவைச் சாத்துவாள், யாரென்றே தெரியாது என்பாள், புத்தி தடுமாறிப் போயிருக்கும். எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் வந்தார். பதில் என்று ஒன்று இருந்ததே இல்லை என்பதற்கு மட்டும் அவர் தயாராக இல்லை. இத்தனை வருஷமும் ஸகாதாவில் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்த பெட்டி வெறும் பெட்டி. நோரியே போனது, பிறக்காமல் போன பிள்ளை, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த அத்தனை ஏப்ரல், எல்லாம் இந்த ஒன்றுமில்லாததற்காக. பைன் தோப்பில் நின்று அவன் கூப்பிட்டானே, அந்தப் பெயரை உலகத்தில் எந்தப் பெண்ணும் சொன்னதே இல்லை.

"இப்ப என்னன்னு கூப்பிடறாங்க?" என்று கிழவி கேட்டாள்.

தொமொகி என்று சொல்லிவிட்டிருக்கலாம். மே இருபத்தைந்துவரை நேரம் இருந்தது. அவள் அடையாளச் சீட்டில் அதை எழுதியிருப்பாள், அவர் போய் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கலாம், கதை முடிந்திருக்கும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அது யாருடைய பெயர்? பதினாலு வயதுப் பையன் ஒருவன் காற்றில் பிடித்தது.

"அஸாவோ," என்றார்.

"ம்ம்." அவள் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. "நல்ல பேர்தான். யார் வச்சது?"

"இல்லத்துல சமைச்சவங்க. அவங்க சாவுக்குத்தான் இதைப் போட்டேன்."

கிழவி சூட்டைக் கீழே வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "நல்லாப் பண்ணித் தர்றேன்," என்றாள். "நாலு நாள் ஆகும். வந்து வாங்கிக்கறீங்களா, பார்சல்ல அனுப்பிடட்டுமா?"

அவள் எதை விரும்புகிறாள் என்று அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சீட்டைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"அனுப்பிடுங்க."

"சரி," என்றாள். அது கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிட்டது. அது அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும், உப்புப் பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்து அழுத்தினாள். "இன்னிக்கு வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி தூவிக்கோங்க. மறந்துடாதீங்க."

மறக்காமல் தூவிக்கொண்டார். யாருடைய சாவுக்கு என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

பார்சல் ஒரு வாரத்தில் வந்தது. மேலே விலாசம் மணிமணியாக எழுதியிருந்தது. அந்த இரண்டு எழுத்தில் ஒரு கோடு பிசகவில்லை. தபால்காரருக்கு உச்சரிப்பு எதற்கு? உள்ளே பிளாஸ்டிக் உறையில் சூட்டு. கழுத்துப் பட்டைக்குக் கீழே, தண்ணீரில் ஊறினாலும் கிழியாத அந்த அடையாளச் சீட்டு குத்தியிருந்தது. சலவைக் கடைக்காரர்கள் அதில் பெயரின் சத்தத்தைத்தான் எழுதுவார்கள், கூப்பிட்டால் எப்படிக் கேட்குமோ அப்படி. அவர் உறையைக் கிழிக்காமலேயே, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தார். ஹதஸாவா அவர்கள் என்று இருந்தது.

அவ்வளவுதான். எதிரே நின்று சொல்லியிருந்தார், அவளும் கேட்டிருந்தாள், பேனாவும் கையில் இருந்தது. அவர் பாக்கெட்டுகளையெல்லாம் தடவிப் பார்த்தார். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். வேறு தாள் எதுவும் இல்லை. அவருக்குக் கோபம் வந்தது. வாழ்நாளில் முதல்தடவையாக அவள்மேல் வந்த கோபம். சூட்டை மூலையில் வீசினார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய் எடுத்து, சீட்டைப் பிய்க்காமல் அலமாரியில் மாட்டினார்.

மே இருபத்தைந்து திங்கட்கிழமை வந்தது. அலுவலகம் சாயங்காலம் ஐந்தேகால்வரை திறந்திருக்கும். அவர் பெட்ரோல் பங்கில் கார் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குத்தான் கடைசி நாள்," என்றார் முதலாளி. "என்னமோ பாக்கணும்னியே. ஆபீசுக்குப் போனியா?"

"போகலை."

"அப்ப அவனுங்க போட்டதே சரியா?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம்னுதானே போட்டிருக்கு."

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், உள்ளே போனார். ஐந்தேகால் ஆனது. ஒரு கார் வந்து நின்றது, அவர் துணியைப் பிழிந்துகொண்டு அதற்குப் போனார். ஒரு சமையல்காரி, ஒரு பிள்ளையைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட ஏதோ ஒன்று வேண்டுமே என்று வைத்துக்கொண்ட சத்தம் அரசாங்கத்தின் பதிவேட்டில் ஏறிவிட்டது. இனி யார் நினைத்தாலும் அதைச் சுலபமாக மாற்ற முடியாது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை.